ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது சிந்தாமலிருக்க: பையா, ஓடையா, துளையா?

சொந்தமாகக் காருக்கு ஆயில் மாற்றுகிறவர்களிடம் எந்த வேலை தொல்லை என்று கேட்டால், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் பிளக்கை யாரும் சொல்லமாட்டார்கள். அகலமான தட்டு ஒன்றைக் கீழே வைத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. ஃபில்டர்தான் தலைவலி. ஆயில் இங்கேதான் விழும் என்று கணக்குப் போட்டுத் தட்டை வைத்திருப்போம். அதுவோ குறுக்குச் சட்டத்தின் மேல் ஓடி, புகைக்குழாயில் சொட்டி, பிடித்திருக்கும் கையின் வழியே முழங்கை வரை இறங்கிச் சட்டைக்குள் வந்து சேரும்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பையைப் போர்த்து என்கிறார் ஒருவர். ஆணியால் குத்தி வடியவிடு என்கிறார் இன்னொருவர். அலுமினியத் தாளை மடித்து வாய்க்கால் கட்டச் சொல்பவரும் உண்டு. எதுவும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் சொன்னவரின் காருக்கு நன்றாகவே பொருந்தியிருக்கும். ஃபில்டர் வேறு திசையைப் பார்த்துப் பொருத்தப்பட்ட காரில் அதே வைத்தியம் கைகொடுக்காது. அதனால் எந்தப் பொருளை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், ஃபில்டரின் வாய், அதாவது இன்ஜினோடு பொருந்தும் முனை, எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

## சம்ப் வடிந்தாலும் ஃபில்டர் வடியாது

டிரெயின் பிளக்கைக் கழற்றி, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் இருந்த ஆயில் சொட்டி முடிந்த பிறகு ஃபில்டரும் காலியாகியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகியிருக்காது. தகர உறையோடு அப்படியே திருகி மாட்டும் ஸ்பின்-ஆன் ஃபில்டர்கள் பெரும்பாலானவற்றுக்குள் வட்டமான ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரில் உள்ள ஆயில் திரும்பி ஓடிவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அடுத்த முறை இன்ஜின் ஓடத் தொடங்கும்போது பேரிங்குகளுக்கு ஆயில் தாமதமின்றிப் போய்ச் சேரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. வால்வு நல்ல நிலையில் இருந்தால் ஃபில்டர் ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். கார் கையேட்டில் ‘ஃபில்டருடன்’, ‘ஃபில்டர் இல்லாமல்’ என்று ஆயிலின் அளவை இரண்டு விதமாகக் கொடுத்திருப்பார்கள். சாதாரணக் கார்களில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 200 முதல் 500 மி.லி. வரை வரும். கீழே விழக் காத்திருப்பது அந்த அளவு ஆயில்தான்.

அது எந்த நொடியில் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புது ஃபில்டரை மாட்டும்போது ரப்பர் வளையம் இன்ஜினின் முகத்தைத் தொட்ட பிறகு ஏறக்குறைய முக்கால் சுற்றுதான் இறுக்குகிறோம். கழற்றும்போது அந்த முக்கால் சுற்று திரும்பியதுமே அடைப்பு விட்டுப்போகிறது. மரையோ முழுவதும் கழல இன்னும் நாலைந்து சுற்றுகள் பாக்கி இருக்கும். வளையத்தின் கீழ் விளிம்பில் முதலில் ஒரு கறுப்புத் துளி திரளும். அடுத்த கால் சுற்றில் துளி கோடாக நீளும். அதற்கும் அடுத்த சுற்றில், தகரத்தின் வளைவை ஒட்டியபடி மெல்லிய படலமாக இறங்கி விரல்களுக்கு வந்துவிடும். வழுக்குகிற ஃபில்டரை வழுக்குகிற கையால் இன்னும் மூன்று சுற்று திருப்பியாக வேண்டும். அந்தச் சில நொடிகளைச் சமாளிப்பதற்காகத்தான் இத்தனை வழிகளும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வாயின் திசை. வாய் மேலே, அடி கீழே என்று கோப்பை போல நிற்கும் ஃபில்டர் ஒரு வகை. பக்கவாட்டில் படுத்திருப்பது இரண்டாவது. இன்ஜினின் மேற்புறத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்பது மூன்றாவது. இவை போக, தகர உறை இல்லாமல் மூடிக்குள் காகித உருளை மட்டும் உட்காரும் கார்ட்ரிட்ஜ் வகையும் இருக்கிறது.

கீழே என்ன இருக்கிறது. ஃபில்டருக்கு நேர் கீழே வெறும் தரை என்றால் கவலை குறைவு. குறுக்குச் சட்டம், புகைக்குழாய், ஸ்டார்ட்டர் மோட்டார், அச்சின் ரப்பர் உறை என ஏதாவது குறுக்கிட்டால் சிந்துகிற ஒவ்வொரு துளிக்கும் பின்னால் ஒரு வேலை காத்திருக்கும். அடியில் பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும் கார்களில், வழிந்த ஆயில் அதன் மேல் தேங்கி, பல நாள்களுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஃபில்டருக்கென்று அந்த மறைப்பில் சிறிய ஜன்னல் விட்டிருந்தாலும், முழு மறைப்பையும் கழற்றிவிடுவதே என் சிபாரிசு. பத்து நிமிடம் கூடுதலாகும்; பிறகு ‘எங்கிருந்து ஒழுகுகிறது’ என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

கைக்கு எவ்வளவு இடம். ஃபில்டரைச் சுற்றி நான்கு விரல் நுழையுமா, ஸ்பேனர் மட்டும்தான் நுழையுமா?

பின்வாங்க முடியுமா. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாதி வேலையில் ஃபில்டர் கழல மறுத்தால், அதை மறுபடி இறுக்கி, காரை ஓட்டிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக்கிடம் கொடுக்க முடியுமா என்பதே கேள்வி. சில வழிகளில் முடியும். ஒரு வழியில் முடியவே முடியாது.

மறைவான செலவு. பணத்தை மட்டும் சொல்லவில்லை. துடைக்கும் நேரம், மறந்துவிட்ட பொருள் பின்னால் செய்யும் சேதம், சுட்டுக்கொண்ட கை எல்லாம் இதில் அடக்கம்.

எந்த வழியானாலும் பொதுவான விதிகள் சில உண்டு. ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகக்கூடாது. ஸ்டாண்டு அல்லது சாய்தளம் கட்டாயம். ஓடி முடித்த இன்ஜினில் ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். புகைக்குழாயின் சூடு அதைவிடப் பல மடங்கு. ஆயில் இளஞ்சூடாக இருந்தால் போதும், நன்றாகவே ஓடும். ஃபில்டரைக் கையுறையோடு தயங்காமல் பிடிக்க முடிகிறது என்றால் அதுவே சரியான சூடு. பயன்படுத்திய ஆயில் தோலில் மீண்டும் மீண்டும் படுவது உடலுக்குக் கேடு என்பதால், நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும்.

## துணியும் தட்டும்

எல்லோரும் தொடங்குவது இங்கேதான். ஃபில்டரைச் சுற்றிப் பழைய துணியைத் திணித்து, கீழே தட்டை வைத்து, வேகமாகச் சுழற்றி எடுப்பது. வாய் மேலே பார்த்து நிற்கும் ஃபில்டருக்கு, கீழே வெறும் தரை என்றால், இதுவே போதும். இந்த அமைப்பில் ஃபில்டரில் உள்ளது அதற்குள்ளேயே நிற்கும். வழிவது விளிம்பைத் தாண்டுவதும், மேலே இன்ஜினின் துளைகளில் தங்கியிருந்ததும்தான். கழன்ற ஃபில்டரைச் சாய்க்காமல் நேராக இறக்கினால் தட்டில் விழுவது கொஞ்சமே.

படுத்திருக்கும் ஃபில்டருக்கு இது உதவாது. துணி குடிப்பதைவிட வேகமாக ஆயில் வரும். மறைவான செலவு, துணியை உள்ளே மறந்துவிடுவது. ஆயில் ஊறிய துணி புகைக்குழாயின் மேல் கிடந்தால் தீப்பிடிக்கும். எத்தனை துண்டு திணித்தோம் என்று எண்ணி வைத்துக்கொள்வது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

## பிளாஸ்டிக் பை

செலவு இல்லை, கருவி இல்லை, தெரிந்துகொள்ளவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பாதிப்பேர் இதைத் தவறான வரிசையில் செய்துவிட்டு, ‘பை உதவவில்லை’ என்கிறார்கள்.

சரியான வரிசை இது. முதலில் ஸ்பேனரால் ஃபில்டரை இளக்க வேண்டும். கையால் திருப்ப முடிகிறது, ஆனால் இன்னும் ஒரு துளிகூட வரவில்லை என்ற நிலையில் நிறுத்த வேண்டும். அந்த நிலை பெரும்பாலும் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுக்குள் வந்துவிடும். ஸ்பேனரை எடுத்துவிட்டு, தடித்த பையை ஃபில்டருக்கு மேல் போர்த்தி, பையின் விளிம்பை இன்ஜினின் முகத்தோடு ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பைக்கு வெளியிலிருந்தே மறுகையால் சுழற்ற வேண்டும். ஆயில் வருவதற்கு முன்பே பை ஏறியிருந்தால் தகரமும் பையும் காய்ந்திருக்கும், பிடி கிடைக்கும். ஒழுகத் தொடங்கிய பிறகு பையைத் தேடி ஓடினால், பைக்குள் ஃபில்டர் வழுக்கிக்கொண்டு சுற்றாமல் நிற்கும்.

பையைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். காய்கறி போட்டுத் தரும் மெல்லிய பை வேண்டாம். உறைபெட்டியில் வைக்கும், வாய் மூடக்கூடிய தடித்த பை நல்லது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வைத்தால் இன்னும் நல்லது. அடுத்தது சூடு. இத்தகைய பைகளுக்குப் பயன்படும் பாலிதீன் சுமார் 105 முதல் 115 டிகிரியில் உருகும். இன்ஜினை நிறுத்திய கையோடு வேலையைத் தொடங்குகிறவர் அந்த எல்லைக்கு மிக அருகில் கை வைக்கிறார். பக்கத்தில் புகைக்குழாய் இருந்தால் கேட்கவே வேண்டாம், பட்ட இடத்தில் பை ஒட்டிக்கொள்ளும்.

பை பொருந்தாத இடங்களும் உண்டு. ஃபில்டரைச் சுற்றி இரண்டு விரல்தான் நுழையும் என்றால் பையைப் போர்த்தவே முடியாது. கூரான தகர முனைகள் பக்கத்தில் இருந்தால் கிழியும். ஃபில்டர் கழன்ற பிறகும் இன்ஜினின் முகத்திலிருந்து கொஞ்ச நேரம் சொட்டும். பை அதைப் பிடிக்காது. ஆகவே தட்டு கீழேயே இருக்கட்டும்.

கைக்கு இடமிருந்து, ஃபில்டரின் அடி கீழ்நோக்கியோ சற்றுச் சாய்ந்தோ இருந்தால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இதில் எந்த நேரமும் பின்வாங்கலாம் என்பது பெரிய லாபம். பையை எடுத்து, கையால் இறுக்கி, ஆயில் அளவைச் சரிபார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம்.

## ஓடை

படுத்திருக்கும் ஃபில்டரும் அதற்கு நேர் கீழே ஒரு குறுக்குச் சட்டமும் சேர்ந்துவிட்டால் சிந்தாமல் தப்புவது கடினம். ஆயிலைப் பிடித்து நிறுத்த முயல்வதைவிட, அது போக வேண்டிய பாதையைப் போட்டுக் கொடுப்பதுதான் இங்கே வேலைக்காகும்.

தடித்த அலுமினியத் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, நடுவில் பள்ளம் விழும்படி வளைக்க வேண்டும். மேல் முனையை ஃபில்டரின் ரப்பர் வளையத்துக்குச் சரியாகக் கீழே, இன்ஜினோடு ஒட்டி அழுத்த வேண்டும். சட்டத்தின் மேல் படியும்படி நடுப்பகுதியை அமுக்கி, கீழ் முனையைத் தட்டுக்கு நேராக நீட்டிவிட வேண்டும். சரிவு வழி நெடுகத் தொடர்ந்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, ஒரு மூடியளவு புது ஆயிலை மேல் முனையில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அது வழியில் எங்கே தேங்குகிறதோ, அங்கேதான் பழைய ஆயில் கரை உடைக்கும்.

தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டிலை நீளவாக்கில் வெட்டியும் ஓடை செய்யலாம். விறைப்பாக நிற்கும், ஆனால் சூடு தாங்காது. குடிநீர்ப் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே தளர்ந்து சுருங்கத் தொடங்கிவிடும். ஆறிய இன்ஜினுக்கு மட்டும் பாட்டில். வளைத்த இடத்தில் வளைந்தபடி நிற்கும் ரப்பர் பூசிய உலோகத் தகடுகளும் இதே வேலைக்காகவே விற்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு காருக்கு ஆயில் மாற்றுகிறவருக்கு அது தேவையில்லை. வீட்டில் இரண்டு மூன்று கார் இருந்து, அதில் ஒன்றிலாவது ஃபில்டர் படுத்திருந்தால் வாங்கலாம்; துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

அலுமினியத் தாளில் ஒரு ஆபத்து இருக்கிறது. பல இன்ஜின்களில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஸ்டார்ட்டர் மோட்டார் உட்கார்ந்திருக்கும். அதற்கு வரும் தடித்த கம்பி பேட்டரியின் நேர்முனையிலிருந்து, பெரும்பாலும் நடுவில் ஃபியூஸ் எதுவும் இல்லாமல், நேராக வருகிறது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். தாள் அந்த முனையையும் இன்ஜினையும் ஒரே நேரத்தில் தொட்டால் பொறி பறக்கும், பக்கத்திலேயே ஆயில் வேறு. தாளை உள்ளே நுழைப்பதற்கு முன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். அப்படிக் கழற்றினால் சில கார்களில் ரேடியோ, ஜன்னல் கண்ணாடி போன்றவற்றை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அதற்கு அலுப்பாக இருந்தால் தாளை விட்டுவிட்டு பிளாஸ்டிக்குக்குப் போய்விடலாம்.

வேலை முடிந்ததும் தாளைத் துண்டு மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும். மற்றபடி ஓடையும் பையைப் போலவே பின்வாங்க இடம் தரும் வழி.

## துளை

ஃபில்டரின் அடியில் ஒரு துளை போட்டு, உள்ளே இருப்பதை முதலில் தட்டில் வடித்துவிட்டு, பிறகு காலி ஃபில்டரைக் கழற்றுவது. சரியாகச் செய்தால் மற்ற எல்லா வழிகளையும்விடச் சுத்தமானது இதுவே. தவறினால் இதைவிட மோசமானதும் இல்லை.

ஒரு துளை மட்டும் போட்டால் ஆயில் சொட்டுச் சொட்டாகவே வரும். எண்ணெய் டின்னின் மூலையில் ஒரு ஓட்டை போட்டால் திணறித் திணறி விழுவதும், எதிர் மூலையில் இன்னொன்று போட்டதும் சீராக ஊற்றுவதும் போலத்தான். ஆகவே தாழ்வான இடத்தில் ஒன்று, உயரமான இடத்தில் ஒன்று. படுத்திருக்கும் ஃபில்டரில் அடிவயிற்றில் ஒன்றும் முதுகில் ஒன்றும். முதலில் கீழ்த் துளையைப் போட்டு, தட்டு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு மேலே போட வேண்டும். மேல் துளைதான் குழாயைத் திறப்பது போன்றது. அதை விரலால் மூடினால் ஓட்டம் குறையும்.

குத்தூசியும் சுத்தியலும் போதும். மல்லாந்து படுத்துக்கொண்டு மேல்நோக்கி அடிப்பது சிரமம் என்பவர்கள், தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் திருகை டிரில்லால் ஏற்றிவிட்டு, வேண்டும்போது கழற்றி வடியவிடுகிறார்கள். நல்ல யோசனை, திருகைத் திரும்ப ஏற்றினால் ஓட்டம் நிற்கும். தகர உறை துளைபட்டால் போதும், அதற்கு மேல் ஆழமாகக் குத்துவதால் பயன் இல்லை.

இப்போது மறைவான செலவு. துளை விழுந்த நொடியில் அந்த ஃபில்டர் செத்துவிட்டது. கழல மறுத்தால் இன்ஜினை ஓட்ட முடியாது, ஓட்டினால் துளை வழியே ஆயில் பீறிடும். கார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். முந்தைய ஆள் முரட்டுத்தனமாக இறுக்கியிருந்த ஃபில்டர் என்றால் இது வெறும் கற்பனை பயம் இல்லை. நீளமான ஸ்குரூடிரைவரைக் குறுக்கே செருகித் திருகிக் கழற்றலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இறுகிப்போன ஃபில்டரில் தகரம் கிழிந்து கையோடு வரும்; மரையுள்ள அடித்தட்டு இன்ஜினிலேயே தங்கிவிடும்.

இந்த ஆபத்தை ஏறக்குறைய முழுவதும் நீக்க ஒரு எளிய ஒழுங்கு இருக்கிறது. குத்துவதற்கு முன்பு ஸ்பேனர் போட்டு, ஃபில்டர் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். எட்டில் ஒரு சுற்று நகர்ந்தால் போதும், ஒழுகாது. நகர்ந்ததா, குத்தலாம். நகரவில்லையா, ஊசியை எடுத்து வைத்துவிட்டு வேறு ஸ்பேனரைத் தேடலாம். கார் இன்னும் ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது. துளை வழியைச் சொல்கிறவர்கள் பலர் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்.

துளைக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. பழைய ஃபில்டரை அப்புறப்படுத்துவதற்கு முன் எப்படியும் வடிக்க வேண்டும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபில்டர் சூடாக இருக்கும்போதே அடியிலோ உள்வால்விலோ துளையிட்டு 12 மணி நேரம் வடியவிடச் சொல்கிறது. காரிலேயே குத்தியவருக்கு அதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

## இளக்கிவிட்டுக் காத்திருத்தல்

இன்ஜினின் மேற்புறத்தில் இருக்கும் ஃபில்டர்களுக்கு இதுவே வழி. சுபாருவின் சில இன்ஜின்களில் ஸ்பின்-ஆன் ஃபில்டர் மேலே கவிழ்ந்து நிற்கும். சுற்றிலும் சிந்துவதைப் பிடிக்க ஒரு குழிவும் வைத்திருப்பார்கள். ஒரு சுற்றுக்குள் இளக்கிவிட்டுச் சில நிமிடம் விட்டால், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி இன்ஜினுக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே உள்ள கார்ட்ரிட்ஜ் மூடியும் அப்படித்தான். மூடியைச் சில சுற்று இளக்கியதும் ஆயில் சம்ப்புக்குத் திரும்பிவிடும். பிறகு உருளையைத் தூக்கும்போது கீழே ஒரு கிண்ணமோ துணியோ பிடித்துக்கொண்டால் முடிந்தது.

இங்கே வேலையின் வரிசை தலைகீழாகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஃபில்டரை முதலில் இளக்கிவிட்டு, அது வடிந்த பிறகு சம்ப்பை வடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஃபில்டரின் பழைய ஆயில் காலி சம்ப்பில் போய்ப் புது ஆயிலோடு கலந்துவிடும்.

மறைவான செலவு பொறுமை மட்டும்தான். அவசரக்காரர்கள் உடனே தூக்கிவிட்டு, ஆயில் பெல்ட்டின் மேல் வழிந்தது என்று வருந்துகிறார்கள்.

## வடிகுழாய் உள்ள கார்ட்ரிட்ஜ்

டொயோட்டாவின் பல இன்ஜின்களில் கார்ட்ரிட்ஜ் மூடி அடியில் இருக்கிறது. மூடியின் நடுவில் தனியாகச் சிறிய பிளக் உண்டு. 3/8 அங்குலச் சதுர முனையால் அது திரும்பும். அதைக் கழற்றிவிட்டு, புது ஃபில்டரோடு வரும் சிறிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே அழுத்தினால், வால்வு திறந்து ஆயில் அந்தக் குழாய் வழியே மட்டும் இறங்கும். பலர் அந்தக் குழாய் எதற்கென்று தெரியாமல் பெட்டியோடு தூக்கி எறிந்துவிட்டு, மூடியை நேராகக் கழற்றி முகத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். கைவசம் தீர்வு இருக்கும்போது பையும் துளையும் எதற்கு?

இங்கே செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மூடிக்கு ஒன்று, சிறிய பிளக்குக்கு ஒன்று என இரண்டு ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். மூடிக்கு 25, பிளக்குக்கு 13 நியூட்டன்-மீட்டர் என்ற அளவில் பல மாடல்களில் இறுக்கம் கேட்கிறார்கள். உங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமாக இறுக்கினால் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும். மூடிக்குச் சரியான பல் எண்ணிக்கை உள்ள கப் ஸ்பேனரும் வாங்கியாக வேண்டும்.

## உறிஞ்சும் பம்ப்பும் இடம் மாற்றும் கிட்டும்

ஆயில் அளவுகோலின் குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும் பம்ப் சம்ப்பைக் காலி செய்யும், ஃபில்டரைத் தொடாது. ஃபில்டர் மேலே இருக்கும் காரில், இளக்கி வடித்த பிறகு உறிஞ்சினால், காருக்கு அடியில் போகாமலே முழு வேலையும் முடியும். ஃபில்டர் கீழே இருந்தால் இதற்குச் செலவழிப்பது வீண்.

ஃபில்டரை வசதியான இடத்துக்குக் குழாய் போட்டு மாற்றும் கிட்டை, சிந்துவதைத் தவிர்க்க மட்டும் வாங்குவது சரியில்லை. அழுத்தத்தில் இருக்கும் ஆயிலுக்குக் கூடுதலாக நாலைந்து இணைப்புகள் வரும். ஒவ்வொன்றும் ஒழுகுவதற்கு ஒரு புதிய வாய்ப்பு.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் அமைப்பு | சிந்துவது | பாதியில் பின்வாங்கலாமா | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| துணி, தட்டு | வாய் மேலே, கீழே வெறும் தரை | ஓரளவு | ஆம் | துணியை மறந்தால் தீ |
| பிளாஸ்டிக் பை | அடி கீழே அல்லது சாய்வு, கைக்கு இடம் | மிகக் குறைவு | ஆம் | சூட்டில் உருகும், கிழியும் |
| ஓடை | படுத்தது, கீழே சட்டம் | குறைவு | ஆம் | தாள் மின்முனையைத் தொடலாம் |
| துளை | படுத்தது அல்லது அடி கீழே, கைக்கு இடமில்லை | சரியாகச் செய்தால் மிகக் குறைவு | இல்லை | கழலாவிட்டால் கார் ஓடாது |
| இளக்கிக் காத்திருத்தல் | மேலே கவிழ்ந்தது, மேல் கார்ட்ரிட்ஜ் | மிகக் குறைவு | ஆம் | நேரம் |
| வடிகுழாய் | அடியில் கார்ட்ரிட்ஜ் | மிகக் குறைவு | ஆம் | இரண்டு வளையம், தனி ஸ்பேனர் |

## என் தேர்வு

மேலே இருந்தால் இளக்கிக் காத்திருங்கள், வடிகுழாய் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இந்த இரண்டிலும் யோசிக்க ஒன்றுமில்லை.

அடி கீழ்நோக்கி நிற்கும் ஃபில்டருக்குப் பை. முதன்முதலாகச் செய்கிறவர், அடுத்த நாள் காலை கார் கட்டாயம் தேவைப்படுகிறவர், முந்தைய ஆள் முரட்டுத்தனமாக இறுக்கிய ஃபில்டர் என்று சந்தேகப்படுகிறவர் எல்லோரும் பையோடு நிற்கலாம்.

படுத்த ஃபில்டருக்கு முதலில் ஓடை. ஓடை போட இடமே இல்லை, கீழே புகைக்குழாய் நேராக ஓடுகிறது என்றால் மட்டும் துளை. அதுவும் அசைகிறதா என்று சோதித்த பிறகே. புகைக்குழாயில் விழுந்த ஆயில் எரிந்து தீரும் வரை புகையும் நாற்றமும் காருக்குள் வந்துகொண்டிருக்கும் என்பதால், அங்கே கொஞ்சம் கூடுதல் துணிச்சலுக்கு நியாயம் இருக்கிறது. ஓடையும் துளையும் சேர்ந்தே வரக்கூடாது என்று விதியும் இல்லை. படுத்த ஃபில்டரில் அடிவயிற்றுத் துளையிலிருந்து வருவதை ஓடையில் விட்டுத் தட்டுக்கு அனுப்பினால், ஒரு கை தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

## கழற்றுவதைவிடப் பெரிய சிந்தல்

மேலே சொன்ன எல்லாம் அரை லிட்டர் ஆயிலைப் பற்றியது. நான்கு லிட்டரும் தரைக்கு வருவது ஃபில்டரை மாட்டிய பிறகு நடக்கிறது.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜினின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். ஆயில் படிந்து கறுத்த உலோகத்தில் கறுப்பு வளையம், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம். கையால் இறுக்கும்போது எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தோன்றும். இன்ஜின் ஓடத் தொடங்கி அழுத்தம் ஏறியதும் ஒரு வளையம் பிதுங்கி வெளியே வரும். பம்ப் சம்ப்பில் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளத் தொடங்கிவிடும். பைக்கும் ஓடைக்கும் அரை மணி நேரம் செலவிட்டவர், இதற்குப் பத்து நொடி செலவிடாமல் விட்டால் என்ன பயன்? கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள். அதன் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் இன்ஜினில்தான் இருக்கிறது. பைக்குள் விழுந்த ஃபில்டரைப் பார்க்காமலே கட்டி எறிந்துவிடுவது பை வழியின் ஒரு கெட்ட பழக்கம். எறிவதற்கு முன் திறந்து பார்த்துவிட வேண்டும்.

பிறகு இன்ஜினின் முகத்தைத் துடைத்து, புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் மாட்டி, வளையம் தொட்ட பிறகு ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். பெரும்பாலும் அது முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்குகிறவர் அடுத்த முறை கழற்றப் போகிறவருக்குத் துளை வழியை மூடிவிடுகிறார். ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் வேகம் கூட்டாமல் ஓடவிட்டு, டார்ச் விளக்கோடு ஃபில்டரின் விளிம்பைப் பாருங்கள். பிறகு நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவுகோலைப் பார்த்துக் குறைவதை நிரப்பலாம்.

## எப்படியும் சிந்தியதை

கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். வேலைக்கு முன்பே பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டால் தரை தப்பும். விழுந்துவிட்ட இடத்தில் மரத்தூளோ உறிஞ்சும் களிமண் துகளோ கொட்டி, காலால் தேய்த்து, சில மணி நேரம் விட்டுக் கூட்டி எடுக்கலாம். தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்குத் தள்ளுவது கூடாது.

இன்ஜினில் படிந்ததை அன்றே துடைத்துவிடுங்கள். ரப்பர் உறைகளில் படிந்தால் நாளடைவில் ரப்பர் உப்பி மிருதுவாகும். விட்டுவைத்த பழைய வழிசலைப் பார்த்து, மூன்று மாதம் கழித்து வேறொரு மெக்கானிக் ‘ஆயில் சீல் போய்விட்டது’ என்று இன்ஜினைப் பிரிக்கச் சொல்லவும் கூடும். பிரேக் கிளீனர் தெளிப்பதானால் இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பல கிளீனர்கள் எளிதில் தீப்பிடிக்கும், குளோரின் கலந்தவை சூட்டில் நச்சு வாயுவாகும்.

தட்டில் சேர்ந்த ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, வடிந்த ஃபில்டரோடு சேர்த்து, பழைய ஆயிலைத் திரும்பப் பெறும் இடத்தில் கொடுத்துவிடலாம். அந்தக் கேனில் கூலன்ட், பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் கலக்காதீர்கள். கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.